மச்சு வழியே வந்த வயர்

என் கணவர் தான் வேலை பார்த்த சரக்குக் கிட்டங்கிப் படியில் வழுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன பிறகுதான் நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கினேன். அதற்கு முன் பல வருடங்கள் களமசேரிக்குப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் தொலைபேசிப் பிரிவில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் நோயாளிகளின் வீடுகளிலிருந்தும் கூப்பிடுவார்கள். அவர்களுடைய விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, என்ன காகிதம் குறைகிறது என்று மலையாளத்திலோ தமிழிலோ சொல்ல வேண்டும். அவர் விழுந்ததும் வேலையை விடுவதாகச் சொன்னேன். என் மேலதிகாரி நல்ல பெண். "வீட்டிலிருந்தே பாருங்க சேச்சி. நெட் மட்டும் அறுந்து போகக் கூடாது" என்றாள். அந்த ஒரு நிபந்தனை அன்று எனக்குச் சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குத் தெருப் பக்கம் ஒரு கதவும் ஒரு ஜன்னலும்தான். உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். முன்னறை, கூடம், வானம் பார்த்த முற்றம், சமையலறை, கடைசியில் பின்னறை. இதுவே பாதி வீடுதான். மீதிப் பாதி என் கணவரின் அண்ணனுடையது. ஆறு வருடங்களுக்கு முன் நீளவாக்கில் நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். சுவர் பூச்சு காய்வதற்குள் அண்ணன் தம்பி பேச்சும் நின்றுபோனது. என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த முதல் நாள் அண்ணன் வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார், உள்ளே வராமல் போய்விட்டார். பிறகு வரவில்லை.

குளியலறை பின்னறையை ஒட்டி இருந்தது. சக்கர நாற்காலி திரும்புகிற அளவுக்கு இடமும் அங்கேதான் இருந்தது. அதனால் அவருடைய கட்டிலைப் பின்னறையில் போட்டோம். நெட் வயர் தெருக் கம்பத்திலிருந்து ஜன்னல் வழியே முன்னறைக்குள் வருகிறது. அதைப் போட வந்தவர்கள் வைஃபை பெட்டியை ஜன்னலுக்கு மேலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆக அவர் ஒரு கோடியில், நெட் இன்னொரு கோடியில். நடுவில் இரண்டடி கனத்தில் வெட்டுக்கல் சுவர்கள். செம்மண் நிறத்தில் இருக்கும் அந்தக் கல் மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். கூடத்தில் சிக்னல் இரண்டு கோடு காட்டும், முற்றத்தில் ஒன்று. சமையலறை தாண்டினால் ஒன்றும் இல்லை.

முன்னறையில் மேசை போட்டு, தலையில் ஹெட்செட்டை மாட்டி உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடையில் தண்ணீர், மாத்திரை, சிறுநீர்ப் பை. ஒரு போன் கால் முடிந்ததும் அடுத்த கால் வருவதற்குள் எழுந்து ஓடுவேன். முற்றத்தில் மழைத் தண்ணீர் நின்றால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். அமாவாசை, பௌர்ணமி என்று வாவுக்கு வாவு கடல் ஏறி ஓடைத் தண்ணீர் முற்றத்துக்குள் வந்துவிடும், அந்த நாட்களில் இன்னும் மோசம். திரும்பி வந்து உட்காரும்போது மூச்சு வாங்கும். எதிர்முனையில் இருப்பவர், "மேடம், சுகமில்லையா?" என்று கேட்பார். "இல்லை சார், சொல்லுங்கள்" என்பேன்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. கூப்பிட்டால் ஓடிவர வேறு ஆள் இல்லை.

ஒரு நாள் மதியம் கோழிக்கோட்டிலிருந்து ஒரு பெண் பேசினாள். அவளுடைய அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. அவள் அழுதாள், கோபப்பட்டாள், மறுபடி அழுதாள். என்னால் போனை வைக்க முடியவில்லை. முடித்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன். சொம்பு கவிழ்ந்து படுக்கை முழுக்க ஈரம். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"இப்பத்தான்."

மெத்தையைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் அடிவரை இறங்கி ஊறியிருந்தது. இப்போது கொட்டியதல்ல.

"கூப்பிட்டீங்களா?"

"நாலஞ்சு தடவை கூப்பிட்டேன். அப்புறம் விட்டுட்டேன். உனக்கும் வேலை இருக்குல்ல."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபமாக ஏதாவது சொல்லியிருப்பேன். விரிப்பை உருவினேன், துடைத்தேன், அவரைப் புரட்டினேன், வேறு விரிப்பு போட்டேன். முன்னறையிலிருந்து கால் வந்ததற்கான ஒலி மெல்லக் கேட்டது. போகவில்லை. அன்று எடுக்காமல் விட்ட கால்களுக்கு மறுநாள் விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

மேசையைப் பின்னறைக்கு மாற்றினால் மட்டும்தான் இது தீரும் என்று அன்றே முடிவு செய்தேன். ரிப்பீட்டர் ஒன்று வாங்கிச் சமையலறைப் பிளக்கில் சொருகினேன். பின்னறையில் கோடுகள் நிறைந்துவிட்டன. எனக்கு அழுகையே வந்தது. முதல் நாள் இரண்டு மணி நேரம் நன்றாக ஓடியது. அப்புறம் என் குரல் எதிர்முனையில் துண்டு துண்டாகக் கேட்கத் தொடங்கியது. கோடு முழுதாகக் காட்டும், பேச்சு மட்டும் நின்றுவிடும். இரண்டாவது ரிப்பீட்டர் ஒன்றை முற்றத்துத் தூணில் வைத்தேன். இன்னும் கெட்டது. அந்த மாதக் கடைசியில் மேலதிகாரிப் பெண் கூப்பிட்டாள். "சேச்சி, எனக்கு மேலே இருக்கறவங்க கேக்கறாங்க. இப்படியே போனா ஆபீஸுக்கு வரச் சொல்லிருவாங்க." அவள் குரலில் வருத்தம் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பக்கத்து மருந்துக்கடைக்குக் கேமரா மாட்டிக் கொடுத்தவர் ஒருவர் சுள்ளிக்கல்லில் இருப்பதாகச் சொன்னார்கள். வந்தார். என் வயதிருக்கும். கம்பம் ஊரிலிருந்து கல்யாணத்துக்கு முன்பே பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பேச்சு தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும். வீட்டை முன்னும் பின்னும் இரண்டு தடவை நடந்து பார்த்தார். சமையலறையில் ரிப்பீட்டரைப் பார்த்ததும் உருவி என் கையில் கொடுத்தார்.

"இது எதுக்கு சேச்சி வாங்கினீங்க? இது காதுல விழுந்ததைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். இதுக்கே முன்னறையில பேசறது அரைகுறையாத்தான் கேக்குது. அப்புறம் அங்க என்னத்தைச் சொல்லும்?"

"அப்போ என்ன வழி?"

"வயர்தான் வழி. பெட்டியிலேர்ந்து நேரா பின்னறைக்கு லேன் வயர் இழுப்போம். அங்க ஒரு ஆக்சஸ் பாயின்ட் மாட்டுவோம். சின்னத் தட்டு மாதிரி இருக்கும். நெட்டு வயர்ல போய் அங்க இறங்கி வைஃபை ஆகும். சுவர் எத்தனை இருந்தா நமக்கென்ன?"

வயரை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் சிக்கல். முற்றத்தின் ஓரமாகக் குழாய்க்குள் போட்டுக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். தண்ணீர் ஏறிய தடத்தைச் சுவரில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சுவர்களைத் துளைக்கலாமா என்று கேட்டேன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கூடத்துச் சுவரிலிருந்து சிவப்புப் பொடி உதிர்ந்தது.

"இதுல ட்ரில் வெச்சா சுவர் மொத்தமும் பொடியாயிரும். மேல என்ன இருக்கு?"

மேலே மச்சு இருந்தது. மரத்தட்டுக்கும் ஓட்டுக் கூரைக்கும் நடுவே, ஆள் குனிந்து நடக்கிற உயரத்தில், முன்னறை முதல் பின்னறை வரை. காய்ந்த இடம், தடையே இல்லாத வழி. ஆனால் பாகம் பிரித்தபோது கிணறு எங்களுக்கு என்றும் மச்சு முழுவதும் அண்ணனுக்கு என்றும் எழுதிவிட்டார்கள். ஏறுவதற்கான படியும் அவர் பக்கத்தில்தான்.

"அப்ப அவங்ககிட்ட கேளுங்க. கேட்டுட்டு விளிங்க, வர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

என் கணவரிடம் சொன்னதும் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "வேண்டாம். அவன் வாசல்ல போய் நிக்காதே."

"எனக்காகத்தான் கேக்கறேன். உங்களுக்காக இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான். அவன் என்ன நினைப்பான்? படுத்துட்டான், இப்ப வந்து கேக்கறான்னு நினைப்பான்."

"நினைக்கட்டும்" என்றேன். சண்டை போடவும் எனக்குத் தெம்பில்லை. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் திருப்ப முடிந்தது அது மட்டும்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஓரகத்திதான் திறந்தாள். ஆறு வருடமாகக் கோவிலிலும் மீன்காரியிடமும் பார்த்துக்கொள்வோம், தலையசைப்போம். அதற்கு மேல் இல்லை. நிலைப்படியில் நின்றே சொன்னேன். வேலையைச் சொன்னேன், நெட்டைச் சொன்னேன், மச்சைச் சொன்னேன். சொம்பு கவிழ்ந்ததைச் சொல்ல நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. அவள் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நாளும் அங்கயும் இங்கயும் ஓடினதா?"

"ஆமா அக்கா."

"ராத்திரி சுவத்துக்கு அந்தப் பக்கம் உன் செருப்புச் சத்தம் கேக்கும். இவ ஏன் இப்படி நடக்கறான்னு நினைப்பேன்."

உள்ளே அவள் கணவர் பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை. அவள் திரும்பி உள்ளே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வயர் போகட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன், இதை வெச்சு அவங்க ரெண்டு பேரும் பேசுவாங்கன்னு நீ நினைச்சுக்காதே. நானும் நிறைய நினைச்சுப் பாத்தாச்சு."

"நான் அதுக்கு வரல அக்கா."

"தெரியும். சும்மா சொன்னேன்."

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. "ஆள் என்னிக்கு வர்றான்னு கேளு. மேல எலிப்பொறி வெச்சிருக்கேன், எடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. கம்பத்துக்காரர் தோளில் வயர்ச் சுருளோடு வந்தார். முன்னறையில் நாற்காலி மேல் ஏறி, தட்டுப்பலகையில் துளை போட்டு வயர் நுனியை மேலே விட்டார். பிறகு சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என் தலைக்கு மேல் இரண்டு ஜோடிக் கால்கள் நகரும் ஓசை கேட்டது. ஒன்று அவருடையது. இன்னொன்று அண்ணனுடையது என்பது இருமலைக் கேட்டதும் தெரிந்தது. அறுபதைத் தாண்டியவர், குனிந்து, டார்ச் பிடித்துக்கொண்டு அவரோடு போய்க்கொண்டிருந்தார்.

நான் பின்னறைக்கு வந்தேன். என் கணவர் மல்லாந்து படுத்திருந்தார். காலடிகள் கூடத்துக்கு மேல் வந்தன, முற்றத்தைச் சுற்றின, சமையலறை மேல் நின்றன, பிறகு நேராக எங்கள் தலைக்கு மேல் வந்தன. பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி. நடுவில் ஒரு முழம் உயரம்கூட இருக்காது என்று தோன்றியது. உண்மையில் எட்டடி இருக்கும்.

மேலிருந்து பலகையைத் தட்டினார்கள். அண்ணன் பேசினார், என்னிடம்தான். "கட்டில் எங்க இருக்கு? தூசி விழும். கண்ணை மூடிக்கச் சொல்லு."

"மூடிக்கறேன்னு சொல்லு" என்றார் என் கணவர், என்னிடம்.

"மூடிக்கறாராம்" என்றேன் கூரையைப் பார்த்து. எனக்குச் சிரிப்பு வந்தது. அசதியும் வந்தது. இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவில் நான் ஒரு வயராக நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு துண்டை அவர் முகத்தில் போட்டேன். ட்ரில் ஓடத் தொடங்கியது. பலகை அதிர்ந்தது. சட்டென்று அவர் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினார்.

"அங்க வேண்டாம்! அது உத்தரம்! உள்ள பழைய ஆணி இருக்கு, பிட்டு ஒடிஞ்சு கையில அடிக்கும்!"

ட்ரில் நின்றது. கம்பத்துக்காரர் ஏதோ கேட்டார். பிறகு பலகை இடுக்கு வழியாக அண்ணனின் குரல் மட்டும் வந்தது.

"எந்தப் பக்கம்?"

என்னிடம் கேட்கவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"வலது பக்கம். ஒரு ஜாண் தள்ளி."

"இங்கயா?" தட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."

தட்டினார்.

"ஆங். மதி, போதும்."

மரத்தூள் சரசரவென்று என் மேலும் விரிப்பின் மேலும் கொட்டியது. துளை வழியே நீல வயர் இறங்கி வந்தது. அவ்வளவுதான். வேறெதுவும் பேசவில்லை. அண்ணன் தன் படி வழியே தன் வீட்டுக்கு இறங்கிப் போனார். எங்கள் வாசலுக்கு வரவில்லை. ஓரகத்தி கம்பத்துக்காரருக்குச் சாயா கொடுத்தனுப்பியபோது தட்டில் மூன்று டம்ளர் இருந்தது. இரண்டு எங்களுக்கு. என் கணவர் வாங்கிக் குடித்தார். சர்க்கரை தூக்கல் என்று மட்டும் சொன்னார்.

கம்பத்துக்காரர் வயர் நுனியில் கிளிப்பைக் கடித்து இறுக்கி, வெள்ளைத் தட்டைக் கூரையில் திருகினார். அதற்குத் தனியாகப் பிளக் வேண்டாம், கரண்டும் அதே வயரில் வந்துவிடும் என்றார். பச்சை விளக்கு எரிந்தது. லாப்டாப்பைத் திறந்தேன். அதே பழைய இழுபறி. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"பயப்படாதீங்க. உங்க லாப்டாப் முன்னறைப் பெட்டியை விடமாட்டேங்குது. பழகின ஆளைப் பிடிச்சுட்டு நிக்குது." முன்னறைக்குப் போய்ப் பெட்டியின் வீச்சைக் குறைத்துவிட்டு வந்தார். லாப்டாப்பை ஒரு முறை அணைத்துப் போட்டார். இந்தத் தடவை அது தலைக்கு மேலிருந்த தட்டையே பிடித்துக்கொண்டது.

மறுநாள் முதல் கட்டில் பக்கத்தில் என் மேசை. முதல் வாரம் ஒரு கால்கூட அறுபடவில்லை. பேசிக்கொண்டே அவரைப் புரட்டினேன், ஒரு கையால் தண்ணீர் கொடுத்தேன். முழங்கால் வலி கொஞ்சம் குறைந்தது. மேலதிகாரிப் பெண் கைதட்டும் படம் ஒன்று அனுப்பினாள். இனி எல்லாம் சரி என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழிந்த ஒரு சாயங்காலம், ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு சொன்னா வருத்தப்படுவியா?"

"சொல்லுங்க."

"முன்னாடி நீ ஓடி வருவே. அஞ்சு நிமிஷம் இருப்பே. மூச்சு வாங்கும். ஆனா என்கிட்டதான் வருவே, என் முகத்தைப் பார்ப்பே. இப்ப நாள் முழுக்க இங்கயே இருக்கே. ஆனா வரவே மாட்டேங்கறே."

எனக்குச் சுருக்கென்றது. இதற்காகவா இத்தனை நாள் அலைந்தேன், அண்ணன் வாசலில் போய் நின்றேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. காது எட்டு மணி நேரமும் ஊரார் நோய்க்குப் போய்விடுகிறது. மிச்சமிருந்த கையும் கண்ணும்தான் அவருக்கு. அதிலும் கண்ணைத் திரைக்குக் கொடுத்திருந்தேன்.

"என்னால இதுக்கு மேல முடியல" என்றேன்.

"தெரியும். உன்னைக் குறை சொல்லல. சாரமில்ல, பரவால்ல விடு."

அடுத்த நாளிலிருந்து, பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் கிடைக்கிற இடைவேளையில் லாப்டாப்பை மூடிவிட்டு அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரத் தொடங்கினேன். பல நாள் பேச ஒன்றும் இருக்காது. சில நாள் நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். நேரமானதும் அவர் என் கையைத் தட்டி எழுப்புவார்.

ஓரகத்தி சொன்னதுதான் நடந்தது. அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு பேசவில்லை. ஆனால் புதுத் தட்டின் வீச்சு சுவரின் மேல் இடைவெளி வழியே அவர்கள் பக்கமும் கொஞ்சம் போகிறது போலிருக்கிறது. ஒரு நாள் அவள் முற்றத்துச் சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிட்டு, தன் மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வந்தால் தெருவில் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்றாள். பாஸ்வேர்டைச் சொன்னேன். எழுத்து எழுத்தாக, சுவர் வழியாக. அவள் மலையாளத்தில் எழுதிக்கொண்டாள். என் கணவரிடம் சொன்னபோது, "கொடுத்தாச்சுல்ல, அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்கறே?" என்றார். கோபமில்லை.

அவருக்கும் ஒரு வேலை கிடைத்தது. அவருடன் கிட்டங்கியில் இருந்த ஒருவர் ஊரோடு போய்க் கும்பளங்கியில் உப்புத்தண்ணீர் தேக்கி மீன் வளர்க்கும் கட்டு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். முன்பெல்லாம் போனில் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவார்கள். இப்போது சாயங்காலமானால் அவர் வீடியோவில் வருகிறார். போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி வரப்பின் மேல் நடப்பார். என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பார், கரை எங்கே அரித்திருக்கிறது, வலை ஏன் கிழிந்திருக்கிறது என்று. எனக்கு அந்த நேரம்தான் கால்கள் அதிகம். இரண்டு பேச்சும் ஒரே அறையில் மோதும். "கொஞ்சம் மெதுவா" என்று கையைக் காட்டுவேன். அவர் தலையணையில் போனைச் சாய்த்து வைத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார்.

போன வாரம் ஒரு நாள் தலைவலி தாங்கவில்லை. மேலதிகாரியிடம் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். கும்பளங்கியில் மதகைத் திறந்துகொண்டிருந்தார்கள். கடல் தண்ணீர் இறங்குகிற நேரம். தண்ணீர் வலைக்குள் பாய்ந்தது. வலை கனத்துத் தொங்கியது. ஏதோ வெள்ளையாகத் துள்ளியது.

"என்ன மீன் அது?" என்று கேட்டேன்.

"திருதை" என்றார் அவர். சொல்லிவிட்டு, எனக்கும் தெரிகிற மாதிரி போனை என் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தார். இரண்டு பேரும் பார்த்தோம். வலையைக் கரைக்கு இழுத்து முடிப்பதற்குள் என் திரையில் அடுத்த கால் வந்துவிட்டது. ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.